பக்கத்து வீட்டுத் தாத்தா கொடுத்த நான்கு அலாய் வீல்கள்: 20,000 யென்னுக்குக் கொடுத்துவிடலாமா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சைத்தாமாவில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் ஷெட்டைக் காலி செய்தபோது நான்கு பழைய அலாய் வீல்களை டயரோடு உங்களிடம் கொடுத்துவிட்டார். 14 அங்குலம், நான்கு போல்ட் ஓட்டை, முகத்தில் வலைப்பின்னல், விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் போல்ட்டுகள். பின்பக்கம் ‘ஸ்பீட் ஸ்டார்’ என்ற எழுத்து தெரிகிறது. ஒருவர் வந்து பார்த்து, தூக்கியும் பார்த்து, “மக்னீசியம் போலிருக்கிறது” என்றார். பிறகு நான்குக்கும் சேர்த்து 20,000 யென் தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். இது அரிய பொருளா, எங்கே விற்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரிதா என்பதைவிட, அந்த ஆள் நம்மை ஏமாற்றுகிறாரா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு ஒரே ஒரு தர்க்கம் போதும். மக்னீசியம் என்று உண்மையிலேயே நம்புகிறவர் 20,000 சொல்லமாட்டார். 20,000தான் மதிப்பு என்று நினைப்பவர் மக்னீசியம் என்ற சொல்லையே எடுக்கமாட்டார். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை, ஒரு கல்லை எறிந்து பார்க்கிறார் என்பதே என் ஊகம். அவசரப்படாதீர்கள். இத்தனை ஆண்டு ஷெட்டில் கிடந்த பொருள் இன்னும் ஒரு மாதம் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

நான் பேசுவது எந்த அனுபவத்தில் என்றால், கனகாவாவில் பழைய உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் பதினோரு ஆண்டு வேலை செய்தவன், அதில் பாதிக்கு மேல் வீல் பிரிவில். அங்கே எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் முதல் வாரமே சொன்னது: வீலின் முகத்தைப் பார்ப்பவன் வாங்குகிறவன், முதுகைப் பார்ப்பவன் விற்கிறவன். அனுபவத்தில் அது சரியாகத்தான் இருந்தது.

முகம் ஏன் உதவாது என்றால், உங்களிடம் இருப்பது வலைப்பின்னல். ஜெர்மனியின் பிபிஎஸ் பந்தயக் கார்களில் அந்த வடிவத்தைப் பிரபலமாக்கிய பிறகு ஜப்பானில் அதைச் செய்யாத கம்பெனி இல்லை என்றே சொல்லலாம். ஹமமாட்சுவில் 1950இல் தொடங்கிய என்கெய், ஒசாகாவின் ரேஸ் (1973), அதே ஒசாகாவின் வொர்க் (1977) எல்லாருமே வலை வீல் விற்றவர்கள். உங்கள் வீலில் பெயர் இருக்கும் ஸ்பீட் ஸ்டார், இன்று எஸ்எஸ்ஆர் என்று அறியப்படும் நிறுவனம், 1971இல் தொடங்கியது. மூன்று துண்டு வீல் (மூன்று பாகங்களைப் போல்ட்டால் சேர்த்தது) என்றாலே பழைய ஆட்கள் வாயில் முதலில் வருகிற பெயர் அதுதான். ஆக, பெயர் நல்ல பெயர். ஆனால் அந்தப் பெயரில் மலிவு ரகமும் வந்தது, உச்ச ரகமும் வந்தது.

சரி, முதுகைத் திருப்புங்கள். ஆரக்கால்களின் பின்புறமும் ஹப்பில், அதாவது காரில் வீல் மாட்டும் அச்சு முனையில், உட்காரும் தட்டையான பகுதியைச் சுற்றியும் ஈரத்துணியால் மட்டும் துடைத்துப் பாருங்கள். 14×7 ஜேஜே என்பது போல அளவு இருக்கும்; விட்டம் 14 அங்குலம், அகலம் 7, ஜேஜே என்பது விளிம்பு வடிவத்தின் குறி. பக்கத்தில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஓர் எண் இருந்தால் அது ஆஃப்செட்: ஹப்பில் உட்காரும் பரப்பு வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. விலகியிருக்கிறது என்பது. ஜே.டபிள்யூ.எல். என்ற எழுத்துகளைத் தேடுங்கள். ஜப்பான் போக்குவரத்து அமைச்சகம் 1970களில் கொண்டுவந்த அலாய் வீல் தரத்துக்கான குறி அது. திரும்பத் திரும்ப வளைத்துச் சோர்வு பார்த்தல், சுமையோடு உருளுதல், மோதல் ஆகிய மூன்று சோதனைகள் அதில் உண்டு. கூடவே வி.ஐ.ஏ. என்று இருந்தால் வெளியார் அமைப்பு ஒன்றிலும் பதிவான வீல். இங்கே ஒரு தப்புக்கணக்கு சகஜம். ஜே.டபிள்யூ.எல். இல்லாவிட்டால் போலி என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். தரம் வருவதற்கு முந்திய வீலிலும், பந்தயத்துக்கென்றே வார்த்த வீலிலும் அது இருக்காது. அப்படிப்பட்டவை சில சமயம் அதிக விலைக்கே போகும். வாங்குகிறவருக்கு ஷாகென் என்ற கட்டாய வாகனச் சோதனையில் தொல்லை வரலாம், அது வேறு விஷயம். விளம்பரத்தில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பொறி, ஆண்டு. பின்புறம் 57 என்றோ 58 என்றோ இரண்டு இலக்கம் இருந்தால் அதை 1957 என்று எழுதிவிடாதீர்கள். ஜப்பானியப் பேரரசர் காலக் கணக்கான ஷோவா ஆண்டாக இருக்கலாம். 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும், அதாவது 57 என்பது 1982. ஆனால் எல்லா இரண்டிலக்கமும் ஆண்டு அல்ல, வார்ப்பு அச்சின் எண்ணாகவும் இருக்கும். பக்கத்தில் மாத எண் போல ஒன்று இல்லையென்றால் நான் அதை ஆண்டாக எடுக்கமாட்டேன். காலத்துக்கு வேறு சாட்சிகளும் இருக்கின்றன. டயரின் பக்கச் சுவரில் தயாரிப்பு எண் மூன்றிலக்கமாக இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தியது; முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இலக்கம் ஆண்டு. டயருக்கு வயது 25க்கு மேல் என்றால் வீல் அதைவிடப் புதியதாக இருக்க வாய்ப்பு குறைவு. நட்டுகளும் கிடைத்ததா? ஒரு நட்டை ஹார்ட்வேர் கடையில் போல்ட்டோடு பொருத்திப் பாருங்கள். 12 மி.மீ. விட்டத்தில் திருகுப் புரிகளின் இடைவெளி 1.25 மி.மீ. என்றால் பெரும்பாலும் நிசான் காரில் ஓடியது, 1.5 என்றால் டொயோட்டா, மாஸ்டா, ஹோண்டா, மிட்சுபிஷி வகை.

அந்தச் சின்னப் போல்ட்டுகள் நிஜமா என்பது அடுத்தது. ஒரே துண்டாக வார்த்து, போல்ட் தலை மாதிரி குமிழ்களை முகத்தில் ஒட்டிய வீல்கள் ஏராளம். நிஜ மூன்று துண்டில் முன் ரிம், பின் ரிம், நடுத்தட்டு மூன்றையும் அந்தப் போல்ட்டுகள் சேர்த்துப் பிடித்திருக்கும். பின்னால் பார்த்தால் மறுமுனையும் நட்டும் தெரியும், டயர் பக்கம் சீலன்ட் பூசிய தடமும் இருக்கும். நிஜமாக இருந்தால் மகிழ்ச்சி. அதே சமயம் ஒரு சந்தேகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று துண்டு வீலை யார் வேண்டுமானாலும் பிரித்து வேறு ரிம் மாட்டியிருக்கலாம். பின்னால் 7 என்று எழுதியிருக்கும் வீல் இன்று அளந்தால் 8 இருக்கலாம். அது மோசடி இல்லை, அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான். ஆனால் விற்கும்போது எழுத்தில் இருப்பதை அல்ல, அளந்ததைச் சொல்ல வேண்டும்.

அளப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. டயரைக் கழற்றியபின், டயரின் ஓரம் உட்காரும் இரு இடங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் வீலின் அகலம். வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு அளந்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். புதிதாக விற்பவர்களில் பாதிப்பேர் இதில்தான் தவறுகிறார்கள். ஆஃப்செட்டுக்கு வீலை முகம் கீழாக ஒரு போர்வைமேல் வைத்து, பின் விளிம்பின் குறுக்கே நேரான கட்டை ஒன்றை வையுங்கள். கட்டையிலிருந்து ஹப்பில் உட்காரும் பரப்பு வரை உள்ள ஆழத்தை அளந்து, அதிலிருந்து மொத்த வெளி அகலத்தின் பாதியைக் கழியுங்கள். மொத்தம் 203 மி.மீ., ஆழம் 95 என்றால் ஆஃப்செட் கழித்தல் 6 அல்லது 7. போல்ட் வட்டம், அதாவது போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், நான்கு ஓட்டையில் சுலபம்: எதிரெதிர் ஓட்டைகளில் ஒன்றின் இடது ஓரத்திலிருந்து மற்றதன் இடது ஓரம் வரை. 114.3 மி.மீ. வந்தால் பழைய நிசான் ஸ்கைலைன், டொயோட்டா கரோலா, ஏஇ86 கார்கள் என்று பெரிய கூட்டமே உங்கள் வாடிக்கையாளர். 110 வந்தால் ரோட்டரி எஞ்சின் கொண்ட பழைய மாஸ்டா கார் வைத்திருப்பவர்கள். கூட்டம் சின்னது, ஆனால் அவர்களுக்குக் கிடைப்பதும் அரிது. 100 என்றால் 80களுக்குப் பிந்திய ஹோண்டா போன்ற சின்னக் கார்கள்.

ஆஃப்செட் கழித்தலில் எவ்வளவு போகிறதோ, அகலம் எவ்வளவு கூடுகிறதோ, முன் விளிம்பு அவ்வளவு ஆழமாகத் தெரியும். ஜப்பானியர் இதை ‘ஃபுகாரிம்’, ஆழ ரிம், என்பார்கள். இந்த மோகத்துக்கு ஒரு கதை உண்டு. ஃபுஜி ஸ்பீட்வேயில் 1971 முதல் 1989 வரை கிராண்ட் சாம்பியன் பந்தயங்கள் நடந்தன. 1979இலிருந்து சில ஆண்டுகள் அதோடு சேர்ந்து சூப்பர் சில்யூட் என்ற பந்தயமும் ஓடியது. கார் பெட்டி மாதிரி அகன்று, தரையை உரசிக்கொண்டு, வீல்கள் ஆழக் கிண்ணம் மாதிரி இருக்கும். ஹோஷினோ கசுயோஷி நிசான் சில்வியாவிலும் ஹசெமி மசாஹிரோ ஸ்கைலைனிலும் ஓட்டியதைப் பார்த்த இளைஞர்கள், தங்கள் காரையும் தாழ்த்தி ஆழ ரிம் மாட்டினார்கள். ஹோஷினோ 1980இல் தொடங்கிய இம்பல் நிறுவனத்தின் வீல்களுக்கு இன்றும் இருக்கும் மவுசு அங்கிருந்து வந்ததுதான். பிறகு 90களில் 16, 17 அங்குல மோகம் வந்தது. 13, 14 அங்குல வீல்களை யாரும் சீந்தவில்லை. மலை மலையாகக் காயலான் கடைக்குப் போய் அலுமினியக் கட்டிகளாக உருகின. அன்று உருகாமல் தப்பியவற்றைத்தான் இன்று அரியவை என்கிறோம். அப்போது விலை குறைந்தவை அதிகம் உருகியதால், சில சாதாரண மாடல்கள்கூட இன்று கிடைப்பதில்லை. கிடைக்காதது எல்லாம் விலை போகும் என்றும் எண்ண வேண்டாம். 5.5 அங்குல அகலமும் கூட்டல் ஆஃப்செட்டும் கொண்ட அரிய வீலைவிட, 8 அங்குலத்தில் கழித்தல் 10 கொண்ட சாதாரண வீலுக்கு வரிசை நீளம்.

மக்னீசியத்துக்கு வருவோம். ஜப்பானில் மக்னீசிய வீல் கட்டுக்கதை இல்லை. 1967இல் வந்த டொயோட்டா 2000ஜிடி, 1969இல் வந்த நிசான் ஃபேர்லேடி இசட்432 இரண்டும் தொழிற்சாலையிலிருந்தே மக்னீசிய வீலோடு வந்தவை. யோகோஹாமாவில் 1968இல் தொடங்கிய வாட்டனபே நிறுவனத்தின் எட்டு ஆரக்கால் வீலும் பந்தயத்துக்காக மக்னீசியத்தில் வார்க்கப்பட்டது. ஆனால் தெருவில் ஓடிய மூன்று துண்டு வலை வீல்களில் மிகப் பெரும்பாலானவை அலுமினியம்தான். தூக்கிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஊருக்குப் போகும்போது பெட்டியின் எடை பார்க்கிற தொங்கு தராசு இல்லாத தமிழர் வீடு ஜப்பானில் இருக்காது. ஆழமான குளியல் தொட்டியும் எல்லா வீட்டிலும் உண்டு. டயர் கழற்றிய வீலைக் கயிற்றில் கட்டி எடை பாருங்கள். பிறகு தொட்டி நீரில் முழுக்க மூழ்க வைத்து, அடியில் படாமல் தொங்கவிட்டு மறுபடி பாருங்கள். அலுமினியத்தின் அடர்த்தி நீரைப்போல் 2.7 மடங்கு, மக்னீசியக் கலவை ஏறக்குறைய 1.8 மடங்கு. வெளியே 7 கிலோ காட்டும் வீல், அலுமினியமானால் நீருக்குள் சுமார் 4.4 காட்டும், மக்னீசியமானால் 3.1தான் காட்டும். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். எஃகுப் போல்ட்டுகள் கணக்கைச் சற்றுப் புரட்டும், நடுத்தட்டு மட்டும் மக்னீசியமாக இருந்தால் இடைப்பட்ட எண் வரும். அதனால் நெருக்கமான எண்ணை வைத்துச் சண்டை போடக்கூடாது. பந்தயம் கட்டச் சொன்னால், உங்களுடையதில் 4.4 பக்கம்தான் வரும் என்பேன். மக்னீசியம் என்று வந்துவிட்டால் உடனே துடைத்துக் காயவையுங்கள். கிரைண்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதன் தூள் தீப்பிடிக்கும்.

நிலை பார்ப்பதில் என்னால் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. நான்கு இடங்களில் விரலும் டார்ச்சும் வையுங்கள்: போல்ட் ஓட்டைகளைச் சுற்றி, ஆரக்கால் விளிம்பைச் சேரும் மூலைகள், பின் விளிம்பின் உட்பக்கம், அப்புறம் வால்வு ஓட்டை. ஓட்டை நீள்வட்டமாக இருந்தால் யாரோ வேறு காருக்குப் பொருத்த அரத்தால் இழுத்திருக்கிறார்கள். அந்த ஒரு குறை விலையைப் பாதிக்குக் கீழே தள்ளிவிடும், ஓட்டுவதற்கும் ஆபத்து. மயிரிழை போல் ஒரு கோடு தெரிந்தால் அது பெயின்ட் வெடிப்பா உலோக வெடிப்பா என்று கண்ணால் தீர்மானிக்கக்கூடாது. ‘கலர் செக்’ என்று சிவப்பு மை ஊறவைத்துப் பார்க்கும் சோதனையை இங்கே வீல் பழுதுபார்க்கும் கடைகளில் செய்வார்கள். அவுட், அதாவது சுற்றும்போது ஆட்டம், இருக்கிறதா என்று டயர் கடையின் பேலன்ஸ் எந்திரத்தில் சுற்றவிட்டால் தெரிந்துவிடும். லேசான அவுட், கல் உரசிய காயம் இரண்டும் 40 வயது வீலுக்குச் சகஜம். யாரும் அதற்காக ஓடமாட்டார்கள்.

மறுதயாரிப்பு பற்றி ஒரு வார்த்தை. வாட்டனபே இன்றும் அதே எட்டு ஆரக்காலை வார்க்கிறது. என்கெய், வொர்க், எஸ்எஸ்ஆர் போன்றவர்களும் பழைய வடிவங்கள் சிலவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழையது போலவே தோன்றும் பிற நாட்டு வீல்களும் உண்டு. சொந்தக் கம்பெனியின் மறுதயாரிப்பு போலி அல்ல, ஆனால் பழசும் அல்ல. உங்களுக்கு இதில் கவலை குறைவு. அந்த டயரே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை: பாலிஷ் போடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, சொந்தக் காசில் ஒரு செட் வாங்கி, கம்பி பிரஷ் வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். நடுத்தட்டில் இருந்த பழைய தங்க நிறப் பூச்சு போயிற்று, விளிம்பில் இருந்த கம்பெனி ஸ்டிக்கர் போயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. வாங்க வந்தவர் கையில் எடுத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, போட்ட காசில் பாதிதான் சொன்னார். பழைய பூச்சை மீட்க முடியாது. அழுக்கை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

விற்பதற்கு மூன்று வழி. அப்கராஜ் போன்ற பழைய உதிரிபாகக் கடைக்கு எடுத்துப்போனால் அடையாள அட்டை பார்த்து அன்றே பணம் தருவார்கள். ஆனால் அவர்கள் லாபம் வைக்க வேண்டும், அதனால் சந்தை விலையைவிட நன்றாகக் குறைவு. யாஹூவின் இணைய ஏலம்தான் இந்தப் பொருளுக்கு நிஜச் சந்தை. போட்டுவிடும் முன், முடிந்த ஏலங்களின் விலையைத் தேடிப் பாருங்கள். கேட்கிற விலையை அல்ல, முடிந்த விலையை. அதிலும் உங்கள் அகலம், ஆஃப்செட், ஓட்டை மூன்றும் பொருந்தியவற்றை மட்டும். நிஜ மூன்று துண்டு, நான்கும் ஒரே ரகம், ரிம் நேர், ஓட்டை வட்டம் என்றால் 20,000 யென் குறைவு என்று தயங்காமல் சொல்வேன். எவ்வளவு கூடுதல் என்பது அளவு தெரிந்தபின் பேச வேண்டியது. மூன்றாவது வழி, பழைய கார்க் கூட்டங்களில் நேரில் விற்பது. மொழி நன்றாக வந்தால் அதுவே இன்பம், இல்லையென்றால் ஏலமே நிம்மதி. அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்குகிறவர்களும் இடைத்தரகர் மூலம் அதே ஏலத்தில்தான் கைதூக்குகிறார்கள், ஆகவே நீங்களாக வெளிநாட்டுக்கு அனுப்பும் தலைவலி தேவையில்லை.

படங்களில் முகம் ஒன்று போதும், முதுகு நான்கு வேண்டும்; எழுத்துகள், போல்ட் ஓட்டைகள், ஒவ்வொரு காயமும் ஸ்கேல் வைத்து. காயத்துக்கு ‘கரிகிஸு’ (ガリ傷), வளைவுக்கு ‘யுகாமி’ (歪み) என்ற சொற்களைப் போடுங்கள், ஜப்பானியர் அதைத்தான் தேடுவார்கள். நடு மூடிகள் இருந்தால் தனிப் படம். இல்லையென்றால் இல்லை என்று முதல் வரியிலேயே. நான்கையும் பிரித்து விற்காதீர்கள். முன்னிரண்டு ஓர் அகலம், பின்னிரண்டு வேறு அகலம் என்று வந்தால் குறை என்று நினைக்க வேண்டாம், எஞ்சின் பின்சக்கரங்களை இயக்கும் கார் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் பிடிக்கும். அனுப்பும்போது இரண்டிரண்டாக, நடுவே தடித்த அட்டை வைத்து, முகத்தோடு முகம் கட்டுங்கள்.

சட்டம் கேட்டிருக்கவில்லை, ஆனாலும்: இலவசமாகக் கிடைத்த சொந்தப் பொருளை ஒருமுறை விற்க உரிமம் தேவையில்லை. ருசி கண்டு, வாங்கி விற்க ஆரம்பித்தால் காவல் நிலையம் வழியாகப் பழம்பொருள் வியாபார உரிமம் எடுக்க வேண்டும், வேலை விசாவில் அதற்கு இடம் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக அந்தப் பெரியவர். விற்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். இது தர்மத்துக்காக மட்டும் சொல்வதல்ல. எந்தக் கார், எந்த ஆண்டு, எந்தக் கடையில் வாங்கினார், வீல் மாட்டிய காரின் பழைய போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஏல விளக்கத்தில் அந்த இரண்டு வரியும் ஒரு போட்டோவும் இருந்தால் வாங்குகிறவரின் நம்பிக்கையே வேறு. ஷெட்டின் மூலையில் எங்காவது நடு மூடிகள் ஒரு டப்பாவில் கிடக்கவும் கூடும். நான் பார்த்தவரை அவை வீலோடு சேர்ந்து வெளியே வருவதில்லை. டயர் கழற்றக் கடைக்குப் போகும்போது, முன் விளிம்பில் இரும்புக் கடப்பாரை படாமல், பின்பக்கமாக எந்திரத்தில் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியபின் பின்பக்கத்தின் படத்தையும் நான்கு அளவுகளையும் இங்கே போடுங்கள், மேலே பேசலாம்.